‘சீ’ என்றால் கோபப்படாதீங்க! ஸ்பானிஷ் வார்த்தையை மறக்காமல் இருக்க சுலப வழி

மதுரை சிம்மக்கல்லில் ஒரு பெட்டிக்கடை. உச்சி வெயில். மீனாட்சி அம்மன் கோவிலைப் பார்த்துவிட்டு நடந்து வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடை முன்பு வந்து நிற்கிறார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டி, "இதுவா சார் வேணும்?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

வந்தவர் வாயெல்லாம் பல்லாக, "சீ! சீ!" என்கிறார்.

கடைக்காரருக்கு முகம் கறுத்துவிடுகிறது. பாட்டிலை மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார். வந்தவர் ஒன்றும் புரியாமல் அடுத்த கடையைத் தேடிப் போகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நடக்க முடியாத காட்சி அல்ல!

ஸ்பானிஷ் மொழியில் "சீ" என்றால் "ஆமாம்" என்று அர்த்தம். ஒரே ஒரு எழுத்து தெரியாததால் ஒரு வியாபாரம் போச்சு!

50 கோடி பேர்

ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா, பெரு, கொலம்பியா என்று சுமார் 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சி மொழி. சுமார் 50 கோடி பேருக்கு அதுதான் தாய்மொழி. ஐ.நா. சபையின் 6 அலுவல் மொழிகளில் அதுவும் ஒன்று.

கோவிலைச் சுற்றி வழிகாட்டி வேலை பார்ப்பவருக்கும், துணிக்கடை, கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவருக்கும் ஒரு பாஷை கூடத் தெரிந்தால் ஒரு வேளை சோறு கூட என்று அர்த்தம். இலக்கணம் தப்பினால் வெளிநாட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். வார்த்தையே தெரியாவிட்டால் பேச்சே கிடையாது.

வார்த்தையைப் படிப்பது பெரிய காரியம் இல்லை. காலையில் படித்தது சாயங்காலம் நினைவில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

மறுநாளே தலைமறைவு!

மனிதன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் தன்னையே சோதனைக்கு ஆளாக்கிக் கொண்டார். அவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்ஹவுஸ். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தார். 20 நிமிஷம், ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு மாதம் என்று விட்டுவிட்டுத் தன்னையே பரிசோதித்தார். முடிவை 1885-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதில் தெரிய வந்தது இதுதான்:-

மறதி மெதுவாக வருவதில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து அதையே மறுபடி மனப்பாடம் செய்தபோது, முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவரால் மிச்சப்படுத்த முடிந்தது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்துவிடுகிறது.

அதாவது, தப்பி ஓடுகிற வார்த்தையை முதல் நாளே மடக்கிப் பிடிக்க வேண்டும். வாரம் கழித்துத் தேடினால் ஆள் அகப்படாது!

பசு பாக்கு மெல்லுது!

மடக்கிப் பிடிக்க ஒரு வழி உண்டு. புது வார்த்தையின் சத்தம், நமக்குத் தெரிந்த எந்த வார்த்தை மாதிரி கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு படம் போட வேண்டும். படம் எவ்வளவுக்கு எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.

இதோ, நம்ம ஊருக்கு ஏற்ற சில உதாரணங்கள்:-

ஸ்பானிஷில் "பாக்கா" என்றால் பசு. தெருவில் படுத்திருக்கும் பசு வாயை அசைத்து அசைத்துப் பாக்கு மெல்லுவதாக நினையுங்கள். அப்புறம் மறக்குமா?

"காசா" என்றால் வீடு. காசு இல்லாமல் வீடு கட்ட முடியுமா?

"ஆகுவா" என்றால் தண்ணீர். அக்கா குடத்தோடு குழாயடியில் நிற்கிறாள்.

"லேச்சே" என்றால் பால். பால்காரர் லேசாகத் தண்ணி கலந்துவிட்டார்!

"மானோ" என்றால் கை. சிவபெருமான் கையில் இருப்பது என்ன? மான்!

"தோஸ்" என்றால் இரண்டு. சர்வர் கேட்கிறார்: "தோசை ரெண்டா சார்?"

"தோரோ" என்றால் காளை. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாய்ந்து வர, தொப்பி போட்ட துரை தலைதெறிக்க ஓடுகிறார்.

"குவான்தோ" என்றால் எவ்வளவு. கடைக்காரருக்கு முக்கியமான வார்த்தை. காந்தி படம் போட்ட நோட்டு எவ்வளவு வேணும் என்று கேட்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

இது விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்கின்சன், ராஃப் ஆகிய இருவர் 1975-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்கு 120 ரஷ்ய வார்த்தைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் இந்தப் படம் போடும் முறையில் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தங்கள் இஷ்டப்படி படித்தார்கள்.

பரீட்சை வைத்தபோது படம் போட்டவர்கள் 72 சதவீத வார்த்தைகளைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் 46 சதவீதம்தான். முன்னறிவிப்பு இல்லாமல் 6 வாரம் கழித்து மறுபடி கேட்டார்கள். அப்போது 43 சதவீதத்துக்கு 28 சதவீதம்!

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாக்கு, காசு என்பதெல்லாம் கொக்கிதான். உச்சரிப்பு அது அல்ல. செல்போனில் ஸ்பானிஷ்காரர் பேசுவதை ஒரு தடவை காதால் கேட்டு, அதே மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கு!

சில வார்த்தைகளுக்கு கொக்கியே வேண்டாம். அவை ஏற்கனவே நம்ம வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன.

மேசைக்கு ஸ்பானிஷில் "மேசா". அலமாரிக்கு "அர்மாரியோ". சட்டைப் பொத்தானுக்கு "போத்தோன்". கோப்பைக்கு "கோப்பா". பாதிரியாருக்கு "பாத்ரே". கொத்தனார் மேஸ்திரிக்கு அண்ணன் முறை "மாயெஸ்த்ரோ". அதற்கு ஆசிரியர், தொழில் வல்லவர் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் காலணியை "சப்பாத்து" என்பார்கள். ஸ்பானிஷில் "சப்பாத்தோ". அங்கே ரொட்டிக்கு "பாண்". ஸ்பானிஷிலும் "பான்"தான்!

இது எப்படி வந்தது?

16-ம் நூற்றாண்டில் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற வார்த்தைகள் இவை. போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் அக்கா, தங்கை மொழிகள். அதனால் அக்கா தந்த சீதனம் தங்கை வீட்டிலும் செல்லுபடி ஆகிறது.

யானைக்கல் பக்கம் பழக்கடைக்குப் போனாலும் இதே கதைதான். பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த சரக்கு. ஸ்பானிஷில் "பப்பாயா", "குவாயாபா".

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஜன்னலும் சாவியும் கூட போர்த்துக்கீசு வார்த்தைகள்தான். ஆனால் ஸ்பானிஷில் ஜன்னலுக்கு "வென்தானா", சாவிக்கு "யாவே". கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் குணம் மாறும் அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் மேசை அஃறிணை. ஸ்பானிஷில் மேசை பெண்! அலமாரி ஆண்! அதனால் வார்த்தையைத் தனியாகப் படிக்காமல் "லா மேசா", "எல் அர்மாரியோ" என்று அடைமொழியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெண்பாலுக்குச் சிவப்பு மை, ஆண்பாலுக்கு நீல மை என்று எழுதிக்கொண்டால் கண்ணிலேயே நிற்கும். "மானோ" மட்டும் ஏமாற்றுப் பேர்வழி. ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால், "லா மானோ".

ஐந்து டப்பா போதும்

கொக்கி போட்டு மாட்டிய வார்த்தையும் நாளடைவில் நழுவும். அதற்கு காவல் வேண்டும்.

லைட்னர் என்ற பத்திரிகை எழுத்தாளர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் ஒரு யோசனை சொன்னார். அதற்குப் பெரிய செலவு இல்லை. பழைய காலண்டர் அட்டையைச் சீட்டு சீட்டாக வெட்டிக் கொள்ளலாம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஸ்பானிஷ். ஐந்து காலி டப்பா.

எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில் தொடங்கும். தமிழைப் பார்த்து ஸ்பானிஷைச் சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பாகச் சொன்னால், அது எந்த டப்பாவில் இருந்தாலும் சரி, மறுபடி முதல் டப்பாவுக்கே வர வேண்டும்.

முதல் டப்பாவைத் தினமும் பார்க்கலாம். இரண்டாவதை இரண்டு நாளைக்கு ஒரு முறை, மூன்றாவதை நாலு நாளைக்கு ஒரு முறை, நான்காவதை வாரம் ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை என்று வைத்துக் கொள்ளலாம். சண்டித்தனம் செய்யும் வார்த்தை தினமும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்காக இருக்கும் வார்த்தை மாதம் ஒரு தடவை வந்தால் போதும்!

பார்க்காதே, கேள்!

பலர் செய்யும் தப்பு என்ன? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கே" என்று மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் ஒன்றும் வராது.

அமெரிக்க அறிஞர்கள் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 2008-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் 40 சுவாஹிலி மொழி வார்த்தைகளைப் படித்தார்கள். வார்த்தை தெரிந்த பிறகும் தொடர்ந்து பரீட்சை எழுதியவர்கள், ஒரு வாரம் கழித்து சுமார் 80 சதவீதம் சொன்னார்கள். தெரிந்த வார்த்தைக்குப் பரீட்சை வேண்டாம் என்று விட்டவர்கள், சொன்னது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். படிப்பை எத்தனை தடவை திருப்பினார்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை!

ஆகவே நோட்டை மூடு, கேள்வி கேள். சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறி பெரியார் பஸ் நிலையம் போவதற்குள் 10 வார்த்தையைத் தானே கேட்டுப் பார்த்துவிடலாம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், "அண்ணே, தண்ணிக்கு என்ன?" என்று பையன் கேட்க, "ஆகுவாடா தம்பி" என்று முதலாளி சொல்லலாம்.

சவேரியாரை ஏமாற்றிய வார்த்தை

அர்த்தம் தெரியாமல் உருப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

இன்றைய ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் பிறந்தவர் புனித சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார்.

அந்த ஜெபத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று இருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக கடவுள் எனக்கு வேணும்! பிற்பாடு தப்பு தெரிந்ததும், உடன் உழைத்த மன்சிலாஸ் என்பவருக்கு 1544-ல் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

அவருக்குப் பின் வந்தவர் போர்த்துக்கீசியரான ஹென்றிக்ஸ் பாதிரியார். அவர் வெறும் உருப்போடாமல் தமிழை முறையாகப் படித்தார். இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் 16 பக்கத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் மொழிபெயர்த்ததுதான்.

1606-ல் மதுரைக்கு வந்து தங்கி தமிழ் படித்த இத்தாலிக்காரர் தத்துவபோதகரும் வரலாற்றில் இடம்பெற்றார். 1732-ல் "சதுரகராதி" தந்த வீரமாமுனிவரும் இத்தாலிக்காரர்தான்.

வெள்ளைக்காரருக்குத் தமிழ் வந்தது. நமக்கு ஸ்பானிஷ் வராதா?

தாத்தா படித்த பாடம்

இன்னொரு சங்கதி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொற்களைப் பட்டியலாகப் படிக்கவில்லை. நிகண்டுகளைப் பாட்டாகவே படித்தார்கள். மண்டலபுருடர் எழுதிய "சூடாமணி நிகண்டு" 12 தொகுதி கொண்டது, முழுக்க விருத்தப்பாவால் ஆனது. அதன் 11-வது தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. ஒரு வார்த்தை வாயில் வந்தால் அடுத்தது தானே வரும்.

வாத்தியார் நோட்டைக் காட்டி வாசிக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தல் என்பதே பரீட்சைதான்! 2008-ல் அமெரிக்காவில் எண்ணிப் பார்த்துச் சொன்னதை, நம்ம திண்ணை அனுபவத்தில் செய்து வந்தது.

இன்றே ஆரம்பம்

ஒரே நாளில் 50 வார்த்தை என்று ஆசைப்பட வேண்டாம். தினம் 5 போதும். வருஷத்துக்கு 1,825 ஆகிறது. அதில் பாதி நின்றாலும் 900-க்கு மேல். கடையில் பேச அது தாராளம். அகராதி வேண்டுமென்றால் சிம்மக்கல்லிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம்.

இனி அந்தப் பெட்டிக்கடைக்கு மறுபடி போவோம். அதே வெயில். அதே வெளிநாட்டுக்காரர்.

கடைக்காரர் பாட்டிலை நீட்டி, "ஆகுவா?" என்கிறார்.

"சீ! சீ!"

"தோஸ்?"

"சீ!"

இரண்டு பாட்டில் போகிறது. காசு கல்லாவில் விழுகிறது. போகும்போது வந்தவர், "கிராசியாஸ்" என்கிறார். நன்றி என்று அர்த்தம்.

அந்த வார்த்தை நாளைய சீட்டு!