இரண்டு சொல்லையும் படியுங்கள்

மும்பை, பெங்களூர், டில்லி போன்ற ஊர்களில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். பிழைப்புக்காகப் போனவர்கள் பலர். கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்குகிறார்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது? இங்கிலீஷ். பல உறைகளில் கூடவே இந்தி. தமிழைத் தேடினால் கிடைப்பது அரிது.

ஏன் இப்படி? பொட்டலத்தில் விற்கும் பொருள்களுக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. எடை, விலை முதலிய விவரங்களை இந்தியிலோ இங்கிலீஷிலோ அச்சிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. மற்ற மொழிகளில் கூடுதலாகப் போடலாம். போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆகவே குளியல் சாமான்களின் மேல் உள்ள இங்கிலீஷ் சொற்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இது பகட்டுக்காக அல்ல. பணம் மிச்சமாகும். ஆபத்தும் விலகும்.

பழகிய சொற்கள்

சோப்பு, ஷாம்பு, பக்கெட், மக், டவல், பிரஷ், பவுடர். இந்தச் சொற்களை எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள். காதுக்குப் பழகிவிட்டன. இனிக் கண்ணுக்குப் பழக வேண்டும்.

ஷாம்பு என்ற சொல் எங்கே பிறந்தது தெரியுமா? நம் நாட்டில்தான். உடம்பை அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அது வந்தது. தீன் முகமது என்பவர் 1759-இல் பிறந்தவர். பாட்னாக்காரர். அவர் இங்கிலாந்துக்குப் போனார். பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் ஷாம்புக் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே நீராவிக் குளியல் கொடுத்து, உடம்பைப் பிடித்துவிட்டார்கள். பிற்காலத்தில் அதே சொல் தலைமுடி அலசுவதற்கு வந்துவிட்டது.

இப்படிச் சொல் ஒன்றாகவே இருக்கும். பொருள் மாறிவிடும். இன்னொரு சொல்லும் அப்படி மாறியது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் உடம்பு வெந்துபோகும். அந்தச் சொல் டாய்லெட்.

ஒரு சொல், இரண்டு பொருள்

குளிக்கும் சோப்பின் உறையில் 'டாய்லெட் சோப்' என்று போட்டிருக்கும். இதைப் படித்ததும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கழிப்பறை கழுவும் சோப்பா என்று கேட்கிறார்கள். அது அப்படியல்ல.

டாய்லெட் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். முதலில் அதற்குச் சிறு துணி என்று பொருள். அலங்கார மேசையின் மேல் விரிக்கும் துணிக்கும் அந்தப் பெயர் வந்தது. பிறகு முகம் கழுவி, தலை சீவி, உடுத்திக்கொள்ளும் வேலைக்கே அந்தப் பெயர் ஆயிற்று. கழிப்பறை என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. டாய்லெட் சோப் என்பதில் பழைய பொருள் இருக்கிறது. அது உடம்புக்குப் போடும் சோப்புதான்.

'டாய்லெட் கிளீனர்' என்பதில் புதிய பொருள் இருக்கிறது. அது கழிப்பறைப் பீங்கானைக் கழுவும் திரவம். பல டாய்லெட் கிளீனர்களில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உண்டு. அது தோலைச் சுடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஆகவே டாய்லெட் என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த சொல்லையும் படிக்க வேண்டும். எஸ், ஓ, ஏ, பி என்று இருந்தால் சோப். அது உடம்புக்கு. சி, எல், ஈ, ஏ, என், ஈ, ஆர் என்று இருந்தால் கிளீனர். அது உடம்பில் படக்கூடாது.

மற்ற பொருள்களுக்கும் இதே வழிதான். டால்கம் பவுடர் உடம்புக்கு. டூத் பவுடர் பல்லுக்கு. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்ல. ஹேண்ட் வாஷ் கை கழுவ. டிஷ் வாஷ் பாத்திரம் கழுவ. பாத்ரூம் கிளீனர் தரையையும் சுவரையும் கழுவ. இரண்டு சொல்லையும் படித்தால்தான் பொருள் விளங்கும்.

கவனம் தேவை

டாய்லெட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும். மூச்சு முட்டும். கிளீனரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

உடம்பில் பட்டுவிட்டால் என்ன செய்வது? அது பட்ட துணியை உடனே கழற்றுங்கள். பட்ட இடத்தில் 20 நிமிடமாவது தண்ணீர் ஓடவிடுங்கள். கண்ணில் பட்டாலும் தண்ணீர்விட்டு நன்றாக அலசுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும்போதும் அது தொண்டையைச் சுடும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கிளீனர் பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

சோப்பு உறையில் இன்னும் என்ன இருக்கிறது?

டி.எஃப்.எம். என்ற மூன்று எழுத்தைப் பல உறைகளில் காணலாம். சோப்பில் எவ்வளவு கொழுப்புச் சத்து இருக்கிறது என்று அது சொல்கிறது. அரசாங்கத் தர அளவின்படி டாய்லெட் சோப்பு மூன்று தரமாக உள்ளது. முதல் தரத்தில் டி.எஃப்.எம். குறைந்தது 76 சதவீதம். இரண்டாம் தரத்தில் 70. மூன்றாம் தரத்தில் 60. 'பாதிங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை. அதில் 40 சதவீதம் இருந்தாலே போதும். இரண்டுமே குளிப்பதற்குத்தான். ஆனால் எதற்கு எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம் அல்லவா?

எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. வரிகள் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் கடைக்காரர் கேட்கக் கூடாது.

நெட் வெயிட் என்பது உறை நீங்கலாகப் பொருளின் எடை. விலையையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். 100 கிராம் சோப்பு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி 75 கிராம் 30 ரூபாய் ஆகும். 75 கிராம் சோப்பை 33 ரூபாய்க்கு விற்றால் எது லாபம்? விலை குறைவு என்று சின்னதை எடுத்தால் 3 ரூபாய் நஷ்டம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுச் சோப்பு உறையை எடுங்கள். டாய்லெட் சோப்பா, பாதிங் பாரா?

2. எம்.ஆர்.பி. எவ்வளவு? நெட் வெயிட் எவ்வளவு? நோட்டில் எழுதுங்கள்.

3. வீட்டில் கிளீனர் என்று எழுதிய பாட்டில்கள் எத்தனை? அவை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா?