மாமியார் அடுப்பும் தறிக்குழியும்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழித்தறி. அதை ஒட்டியே சமையலறை. மாமியார் காலத்து காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்து, பாத்திரமெல்லாம் ஒரே கரி. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, அண்ணி" என்றாள் நாத்தனார். எனக்கு மனசு வரவில்லை.

மஞ்சள் ஜ்வாலை என்றால் காஸுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். பித்தளை பர்னர்களைக் கழற்றி, புளி கரைத்த வெந்நீரில் ஊறப் போட்டுத் தேய்த்தேன். அடைத்த துளைகளை ஊசியால் குத்தி, ஈரம் போகக் காயவைத்து மாட்டினால், அடடா, நீலமாய் எரிகிறது! (ஜெட் துளையில் மட்டும் ஊசி விடாதீர்கள். துளை பெரிதானால் காஸ் அதிகமாகப் பாயும். அது மெக்கானிக் வேலை.)

அந்த சந்தோஷத்தில் ரப்பர் குழாயை மறந்திருப்பேன். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, குழாயில் சோப்பு நுரை தடவினேன். ஒரு முனையில் குமிழ் குமிழாய் வந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது! சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீட்டில் பள்ளம் என்றால் தறிக்குழிதான். வீட்டுக்காரர் நாள் முழுக்க அதில் காலை வைத்துத்தானே நெய்கிறார்?

உடனே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்தோம். கசிவு என்றால் 1906-க்கு எந்நேரமும் போன் செய்யலாம். குழாய் பார்க்க நன்றாக இருந்தாலும் 5 வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனமே வேண்டாம்.

புதுக் குழாய் மாட்டிய அன்று வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம் மாதிரி இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை வைத்த டம்ளர்களில் ஊற்றி வேக வைத்தேன். பாத்திரத்தின் அடியில் கரியே இல்லை. நாத்தனார் இரண்டு டம்ளர் இட்லி சாப்பிட்டுவிட்டு, "எங்க அடுப்பையும் ஒரு தடவை பாருங்க, அண்ணி" என்கிறாள்.