பாலாறு போகும் வழியில் கடலுக்கு ஒரு பயணம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால் வண்டி ஏலகிரிக்குப் போகும், இல்லையென்றால் பெங்களூருக்கு. கடல் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பாண்டிச்சேரி. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் நம் ஊரை ஒட்டி ஓடும் பாலாறு கடைசியில் எங்கே போய்க் கடலில் சேர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தோல் ஷாப்பிலேயே தலை நரைத்தவர்கூட சற்று யோசிப்பார்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில்தான் அது கடலில் கலக்கிறது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம், அதற்கு வடக்கே மாமல்லபுரம். ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர், வேலூரிலிருந்து 140. வழி நெடுக ஆறு கூடவே வருகிறது. இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது போக வேண்டிய பாதை இது.

முதலில் நாள் கணக்கு. ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு வாரக் கடைசி என்றால் பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு இரவே கிளம்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உடம்பு அலுத்துக் கிடக்கும்போது லாரிகளுக்கு நடுவே பெங்களூர் – சென்னை நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டுவது ஆபத்து. வீட்டில் தூங்கி எழுந்து விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டால், கோயில் கோயிலாக இறங்கி ஏறினாலும் மதியத்துக்குள் கடலைப் பார்த்துவிடலாம். ஒரே நாள் கையில் இருந்தால் திருமுக்கூடல், சதுரங்கப்பட்டினம், வயலூர் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் என்றால் இரவு மாமல்லபுரத்தில் தங்கலாம். இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டால் செலவு பங்கிட்டுக்கொள்ளும்படி இருக்கும். பள்ளிகொண்டா, வாலாஜா என்று டோல்கேட் உண்டு. வண்டி பேசும்போதே அந்தக் கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்க்காட்டில் ஆற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751-இல் ராபர்ட் கிளைவ் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் இன்று கண்ணுக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது அநேகமாக அந்த வாசல் மட்டுமே. ஐந்து நிமிடம் போதும். கூடவே மக்கன் பேடா ஒரு டப்பா.

வாலாஜாபேட்டை தாண்டி வரும் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா அருகே பாலாற்றில் கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து இதை நிரப்புகிறது. கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு அவனிநாராயண சதுர்வேதிமங்கலம் என்று பெயர். அவனிநாராயணன் என்பது 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டம். தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தகுவாபா என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவின் காவலில் அதை விட்டதாக அந்தக் கல் சொல்கிறது. பாலாற்றங்கரை ஊருக்கும் கடல் கடந்த துறைமுகத்துக் குளத்துக்கும் ஒரே மன்னனின் பட்டம்! தாய்லாந்துக் கடற்கரைக்கு டூர் போகிற காலம் இது. நம் ஆட்கள் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே போய்க் குளம் வெட்டியிருக்கிறார்கள் என்று ஏரிக்கரையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரத்தை இந்த முறை விட்டுவிடலாம். கோயில் இட்லியும் காப்பியும் முடித்துக்கொண்டு வாலாஜாபாத் சாலையைப் பிடியுங்கள். காஞ்சிக்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும்.

வாலாஜாபாத்தைக் கடந்தால் பழைய சீவரம். ஆற்றின் அக்கரையில் திருமுக்கூடல். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேரும் இடம் என்பதால் அந்தப் பெயர். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இங்கே நடந்த விவரம் அதில் இருக்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். இருப்பில் இருந்த மருந்துகளின் பெயர்களும் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியே வளர்ந்த வேலூர்க்காரர்கள் அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் நகர முடியாது.

ஆம்பூரிலிருந்து பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருந்தால் இலையைப் பிரிக்க இதுதான் இடம். சீரகச் சம்பா, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி எல்லாம் வெயில் ஏறும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். மதியம் தாண்டினால் கறி தாங்காது. சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் கவரையும் ஆற்று மணலில் வீசிவிட்டு வராதீர்கள்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சதுரங்கப்பட்டினம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மெல்லிய துணி ஏற்றுமதிக்காகக் குடியேறிய துறைமுகம். கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். கதவு பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள். கல்லறைப் பலகைகளைக் குனிந்து கிட்டத்தில் பார்க்க வேண்டும்: பெரிய பெரிய டச்சு எழுத்துகள், அவற்றின் மேலே குடும்பச் சின்னங்கள், ஓரமெல்லாம் பூ வேலை. கடல் காற்றில் இத்தனை வருஷம் நின்றும் செதுக்கு இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதின. வேலூர்க் கோட்டையை ஹைதர் அலி முற்றுகையிட்ட அதே போர்க்காலம்தான் அது.

அங்கிருந்து தெற்கே வயலூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலம் வருகிறது. மாலை வெயிலில் அங்கே நின்று மேற்கே பாருங்கள். அந்த அகலமான மணல் படுகை நம் ஊரிலிருந்து வருவது. நந்திமலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் வந்து சேர்ந்திருக்கிறது. வருஷத்தில் பல மாதம் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும். 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது இதே ஆறு கரை கொள்ளாமல் போனது.

இவ்வளவு தூரம் வந்தபின் சொல்லாமல் விட முடியாத பேச்சு ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் மாராப்பட்டுப் பக்கம் ஆற்றில் வெள்ளை நுரை பொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய், குரோமியம் வந்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் ஆறு தேறவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்குச் சோறு போடுவது தோல் தொழில்தான். அதை மறுப்பவன் நானல்ல. ஆனால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் எத்தனையோ ஊர்கள் இந்த ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அந்த ஊர்களை வண்டியில் கடந்து வந்தவனுக்கு, ஆம்பூரில் கால்வாயில் எதைத் திறந்துவிடுகிறோம் என்பது பக்கத்துத் தெரு விஷயம் ஆகிவிடுகிறது.

இரண்டாம் நாள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் உலகமே அறிந்தவை. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் நீரோட்டம் கடுமையானது. குளிக்க இறங்கி உயிரை விட்ட வெளியூர்க்காரர்கள் அநேகம் பேர்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி இதற்கு நல்ல காலம். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள். மாமல்லபுரத்தில் நிற்க இடம் இருக்காது. திரும்பும்போது ஞாயிறு மாலை நெடுஞ்சாலையில் நெரிசல் அதிகம் என்பதால் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களை டூர் அழைத்துப் போகும் கம்பெனிகளுக்கும், மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பதில் வயலூருக்கு ஒரு பஸ் விடுங்கள். கம்பெனி பஸ் என்றால், கழிவுநீர்ப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்கும் அதில் ஒரு சீட் போடுங்கள்.