கடைக்கு ஒரு முகவரி

மின்னஞ்சலில் மாற்று முகவரி என்பது சொந்த முகவரிக்கு முன்னால் நிறுத்தி வைக்கும் இன்னொரு முகவரி. அதற்கு வரும் கடிதம் நேராகச் சொந்த இன்பாக்ஸுக்கு வந்து சேரும். அனுப்பியவருக்குத் தெரிவது மாற்று முகவரி மட்டும்தான். சேலம் ஜவுளிக்கடைக்கு ஒன்று, சொட்டுநீர்க் குழாய் விற்கும் தளத்துக்கு ஒன்று, வேலை தேடும் தளத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டு லாபம். குழாய்க் கம்பெனிக்கு மட்டும் கொடுத்த முகவரிக்குக் கடன் தருவதாகக் கடிதம் வந்தால், முகவரி எங்கே கசிந்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிட்டால் தொல்லை அதோடு நின்றுவிடும். மற்றவை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

கசிவு அரிதான சங்கதி அல்ல. 2020இல் பிக்பாஸ்கெட், 2021இல் டோமினோஸ் இந்தியா, 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் என்று பட்டியல் நீள்கிறது. ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் பாலிசி விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே முகவரியை எல்லா இடத்திலும் கொடுத்தவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ஒரு பட்டியலில் உள்ள வீட்டு விலாசத்தையும் இன்னொன்றில் உள்ள பாஸ்வேர்டையும் இணைக்கும் கயிறு அந்த முகவரிதான். ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் முகவரியைத் தட்டினால், அது எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

மாற்று முகவரியில் எளிய வகை ஜிமெயிலிலேயே இருக்கிறது. பெயருக்கும் @ குறிக்கும் நடுவே கூட்டல் குறி போட்டு ‘ஜவுளி’, ‘விதை’ என்று ஆங்கில எழுத்தில் எதையாவது சேர்த்தாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வரும். பிரித்து வைக்க இது நல்ல வழி, ஒளிந்துகொள்ள உதவாது. கூட்டல் குறியிலிருந்து பின்பகுதியை வெட்டிவிட்டால் அசல் முகவரி வந்துவிடும். கூட்டல் குறியைக் கண்டாலே ‘தவறான முகவரி’ என்று திருப்பி அனுப்பும் தளங்களும் உண்டு.

உண்மையில் மறைப்பவை தனிச் சேவைகள்: ஆப்பிளின் ‘ஹைட் மை இமெயில்’, மொசில்லாவின் ‘ஃபயர்ஃபாக்ஸ் ரிலே’, ‘சிம்பிள்லாகின்’, ‘டக்டக்கோ’ போன்றவை. இவை அர்த்தமில்லாத எழுத்துகளால் ஒரு முகவரியை உருவாக்கித் தரும். கடிதத்தைத் தங்கள் சர்வரில் வாங்கி அசல் பெட்டிக்குத் தள்ளிவிடும். கடிதம் திறக்கப்பட்டதா என்று அனுப்பியவருக்குச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத படத்துண்டுகளை டக்டக்கோ வழியிலேயே நீக்கிவிடுகிறது. சேகோ ஆலையோ பாக்கு மண்டியோ நடத்துபவர் சொந்த டொமைன் வாங்கினால், ஜோஹோ மெயில் போன்றவற்றில் அந்தப் பெயரில் பல முகவரிகளை வைத்துக்கொள்ளலாம். சேவை பிடிக்காவிட்டால் டொமைனோடு வேறிடம் மாறலாம். ஆனால் டொமைன் பெயரே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சேவைகள் அனைத்துக்கும் ஒரு பலவீனம் பொது: நடுவில் இருப்பவருக்கு அசல் முகவரி தெரியும். பின்லாந்தில் ஜோஹன் ஹெல்சிங்கியஸ் 1993இல் தொடங்கிய அஞ்சல் சேவை, அனுப்புநரின் பெயரை மறைத்து லட்சக்கணக்கானோரின் கடிதங்களைக் கடத்தியது. சயன்டாலஜி அமைப்பின் புகாரில் போலீஸ் வந்து நின்றபோது, ஒருவரின் அசல் முகவரியை அவர் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996இல் சேவையையே மூடிவிட்டார். தமிழ்நாட்டிலும் இதை ஒட்டிய ஒன்று நடந்தது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னைப் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அனுப்பப்பட்டது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் வழியாக. தமிழகக் காவல்துறையின் கோரிக்கையை அடுத்து அந்தச் சேவையையே நாடு முழுக்க முடக்கும் பேச்சு எழுந்தது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்ட பிறகே அது தணிந்தது. சிம்பிள்லாகினும் 2022 முதல் புரோட்டானின் கையில்தான் இருக்கிறது. ஆகவே வங்கி, வருமானவரி, டிஎன்பிஎஸ்சி, நீட் போன்றவற்றுக்கு மாற்று முகவரி கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. சேவை நின்றுபோனால் ஹால் டிக்கெட்டும் அதோடு நின்றுபோகும். சுயமாகக் கையாளும் தனி முகவரி ஒன்றை இவற்றுக்கென ஒதுக்குவதே சரி.

சுயமாகக் கையாள்வது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழப்பாடி போன்ற தாலுகா ஊர்களில் பலருடைய முதல் மின்னஞ்சல் பிரவுசிங் சென்டரில்தான் பிறக்கிறது. விண்ணப்பம் போட வந்தவர் பெயரைச் சொல்ல, கடைக்காரரே முகவரியை உருவாக்குவார். பாஸ்வேர்டு பெரும்பாலும் வந்தவரின் செல்போன் எண்ணாகவே இருக்கும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கணக்கை மூடாமலேயே அடுத்தவரைக் கூப்பிடுவார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அவசரம்தான். வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. எத்தனை மாற்று முகவரி வைத்திருந்தாலும் இது இல்லாவிட்டால் பயனில்லை.

செல்போன் எண்ணுக்கு இவ்வளவு வசதியான மறைப்பு கிடையாது. நம் ஊரில் ஆளை அடையாளம் காட்டுவதோ மின்னஞ்சலைவிட அதுதான். பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் அமைச்சகம் 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. கல்லாவில் ‘நம்பர் சொல்லுங்க’ என்றால் ‘வேண்டாங்க’ என்று சொல்லலாம். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். ஆதாருக்கு ஓரளவு மாற்று உண்டு. முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். 2018இல் வந்த 16 இலக்க மெய்நிகர் எண்ணை வேண்டும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். மாற்று முகவரிக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். லாட்ஜ் போன்ற இடங்களில் முழு ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும், கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்புவதும் வழக்கமாக இருக்கும்வரை இவை பெயருக்குத்தான்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் விவரங்களை அழிக்கச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அந்த அறிவிப்பின்படி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன.