கரம் கட்ட யார் துணை?

பெருமாட்டி பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவில் உள்ளது. இங்கே வரியைக் 'கரம்' என்றும் சொல்வார்கள். நிலத்துக்குக் கரம் உண்டு. வீட்டுக்கும் கரம் உண்டு. சிலருக்கு வருமான வரியும் வரும்.

வயது ஏறினால் கண் மங்கும். கால் வலிக்கும். பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். இப்போதோ எல்லாம் கணினியில் நடக்கிறது. அப்படியானால் பெரியவர்கள் யாரிடம் உதவி கேட்பது?

முதலில் நிலக்கரம். இதை வில்லேஜ் ஆபீஸில் கட்ட வேண்டும். கணினி வழியாகவும் கட்டலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடக் கணக்கு. இந்த ரசீது வெறும் காகிதம் அல்ல. கடன் கேட்டாலும் கேட்பார்கள், நிலத்தை விற்றாலும் கேட்பார்கள். நிலம் இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடக்கிறதா? அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் 'போக்குவரவு' என்று பெயர். உடம்பில் தெம்பு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

வீட்டுக்கரம் பஞ்சாயத்துக்குச் சேரும். 2003-ல் பிளாச்சிமடை கோக்கக்கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததே, அதே பெருமாட்டி பஞ்சாயத்துதான். இதில் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் முதல், 60 சதுர மீட்டர் வரை உள்ள சிறிய வீட்டுக்குக் கரம் இல்லை. அதாவது ஏறக்குறைய 646 சதுர அடி. அது நீங்கள் குடியிருக்கும் சொந்த வீடாக இருக்க வேண்டும். உங்கள் வீடு சிறியதா? இன்னும் கரம் கட்டுகிறீர்களா? பஞ்சாயத்து ஆபீஸில் கேளுங்கள்.

எழுதிக் கேட்கத் தயக்கமா? மலையாளம் எழுத வரவில்லையா? தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு கொடுக்கலாம். பதிலும் தமிழில் கேட்கலாம்.

இனி வருமான வரி. நெல், தேங்காய் விற்ற பணத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆனால் வங்கி வட்டி அப்படி அல்ல.

ஒரு கணக்குப் பாருங்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் விற்ற 15 லட்சம் ரூபாயை வங்கியில் போட்டிருக்கிறார். நூற்றுக்கு ஏழு வட்டி. வருடத்துக்கு 1,05,000 ரூபாய் வருகிறது. 2025 ஏப்ரல் முதல், 60 வயது ஆனவருக்கு ஒரு வங்கியில் வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரி பிடிப்பார்கள். நூற்றுக்குப் பத்து, அதாவது 10,500 ரூபாய். பான் அட்டை கொடுக்காவிட்டால் 21,000 ரூபாய்! பாட்டிக்கு வேறு வருமானம் இல்லை. அவர் வரி கட்டவே வேண்டியதில்லை. ஆனாலும் பணம் போய்விடும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. 'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று வங்கியில் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். 15எச் என்ற பெயரில் இது பல வருடம் இருந்தது. பெயர் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கியில் பணம் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

பணத்தைப் பிடித்துவிட்டார்களா? வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். வருமானவரித் துறையின் தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் நிறைய. உறுதி செய்யாத கணக்கு செல்லாது. 80 வயது ஆனவர்கள் காகிதத்தில் எழுதியும் கொடுக்கலாம்.

75 வயது ஆனவர்களுக்கு 2021-ல் இன்னொரு வசதி வந்தது. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானம் இல்லை என்றால், அந்த வங்கியே வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அதற்கும் வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் முதியோருக்கு வரிக் கணக்கு எழுதித் தரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். 1968 முதல் இலவசமாகச் செய்கிறார்கள். நம் ஊரில் அக்ஷயா மையம் உண்டு. 2002-ல் மலப்புறத்தில் தொடங்கிய திட்டம் இது. இங்கே வேலைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ரசீது வாங்குங்கள். படித்த பேரப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.

உதவி செய்பவர் உங்கள் கண் முன்னே செய்யட்டும். செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகே சொல்லுங்கள். போனில் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லவே கூடாது. திரும்பி வரும் வரிப் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். 'வாங்கித் தருகிறேன், பாதி கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பான் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்து வர மறக்காதீர்கள்.