தொடாமல் எழுதும் மை

பிள்ளைகளே, வீட்டில் வெறும் பிஸ்கற் பக்கற் ஒன்று கிடந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். முன்பக்கத்தில் பெயரும் படமும் இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். படத்துக்கு ஒன்றும் ஆகாது. இனிப் பக்கற்றைத் திருப்பி, உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் விலையும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பல பக்கற்றுகளில் அந்த எழுத்துகள் தனித்தனிப் புள்ளிகளால் ஆனவை. வரி கொஞ்சம் சரிந்தும் இருக்கும். சுரண்டினால் சிலவேளை மை உரிந்தும் வரும்.

ஒரே பக்கற்றில் ஏன் இரண்டு விதமான அச்சு? அவ்வளவு அழகான படத்தை அடித்த பொறிக்கு, ஒரு திகதியை அடிக்கத் தெரியாதா?

நம்மூர் ஜெயபுரத்துக் கடைகளில் தொங்கும் எந்தப் பக்கற்றைப் பார்த்தும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். விடை தேடிப் போனால், மைத்துளி ஒன்று காற்றில் பறக்கும் கதை கிடைக்கும்.

உருளைக்கு ஒரு படம்தான் தெரியும்

முதலில் படத்தைப் பார்ப்போம். பெரிய தொழிற்சாலைகளில் பக்கற்றுகளுக்குப் படம் அடிப்பது பெரும்பாலும் உருளைகள்தான். உருக்கு உருளை ஒன்றுக்குச் செப்புப் பூச்சுப் பூசி, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் குழிகளைச் செதுக்குவார்கள். செப்பு மென்மையானது, தேய்ந்துவிடக் கூடாது என்று மேலே குரோமியமும் பூசுவார்கள். உருளை மைக்குள் தோய்ந்து சுழலும். மெல்லிய உருக்குத் தகடு ஒன்று மேலே உள்ள மையை வழித்துவிடும். குழிக்குள் இருப்பது மட்டும் மிஞ்சி, பிளாஸ்திக் தாளில் ஒட்டும். ஆழமான குழியில் அதிக மை. ஆழம் குறைந்தால் நிறமும் வெளிறும்.

ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. ஆறு நிறம் வேண்டுமென்றால் ஆறு உருளை செதுக்கவேண்டும். செதுக்கி முடித்துவிட்டால், நிமிடத்துக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் கிலோமீற்றர் கணக்காக அடித்துத் தள்ளலாம்.

நீங்கள் சுரண்டியபோது படம் ஏன் உரியவில்லை தெரியுமா? அது தாளின் வெளிப்பக்கத்தில் இல்லை. தெளிந்த பிளாஸ்திக் தாள் ஒன்றின் உட்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி அடித்து, பின்னால் இன்னொரு தாளை ஒட்டிவிடுகிறார்கள். மை இரண்டு தாள்களுக்கு நடுவே இருக்கிறது. உங்கள் நகம் தொட்டது பிளாஸ்திக்கை மட்டுந்தான்.

ஆனால் உருளைக்கு ஒரு குறை உண்டு. அதற்குச் செதுக்கிய படம் மட்டுந்தான் தெரியும். இன்று 12ஆம் திகதி, நாளை 13 என்றால், ஒவ்வொரு நாளும் புது உருளை செதுக்க முடியுமா? அதனால்தான் திகதி எழுதும் வேலை வேறொரு பொறியிடம் போகிறது.

நூலாக வந்து துளியாக உடையும் மை

அந்தப் பொறி எப்படி எழுதுகிறது என்று அறிய, பிளாஸ்திக் போத்தல் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஊசியால் சின்னத் துளை போட்டு, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துளைக்குப் பக்கத்தில் தண்ணீர் வழவழப்பான நூலாக வரும். கொஞ்சம் கீழே அந்த நூல் தானாகவே துளிகளாக உடைந்துவிடும். யாரும் வெட்டவில்லை. தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அவ்வளவு தண்ணீரும் நீண்ட நூலாக இருப்பதைவிட உருண்டைகளாக இருந்தால் மேற்பரப்புக் குறைவு. ஆகவே நூல் உடைகிறது.

இதை 1873இல் எழுதிவைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோசப் பிளாற்றோ. அப்போது அவருக்குப் பார்வை இல்லை. மற்றவர்கள் பார்த்துச் சொல்ல, அவர் சிந்தித்தார். 1878இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீற் என்பவர் இந்தத் துளிகளை வேலைக்கு அமர்த்தினார். திகதி அடிக்கும் பொறிகளில் பல இன்றும் அவர் காட்டிய வழியில்தான் இயங்குகின்றன.

பொறிக்குள் மை, தலைமயிரின் தடிப்பளவே உள்ள துவாரம் ஒன்றின் வழியாகப் பீறிட்டு வருகிறது. துவாரத்துக்குப் பின்னால் ஒரு பளிங்கு இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வினால் மைநூல் கண்டபடி உடையாமல், ஒரே அளவான துளிகளாக, செக்கனுக்கு 60,000 துளிகளுக்கும் மேலாக உடைகிறது. உடையும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு துளிக்கும் மின்னேற்றம் கொடுக்கலாம். ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்ததாகத் துளிகள் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவால் போகின்றன. அங்கே சில ஆயிரம் வோல்ற்று மின்னழுத்தம் இருக்கும். அதிக மின்னேற்றம் பெற்ற துளி அதிகமாக வளையும்; குறைவாகப் பெற்றது குறைவாக வளையும். ஒன்றும் பெறாத துளி நேரே போய் ஒரு குழாயில் விழும். அந்த மை வீணாவதில்லை, தொட்டிக்கே திரும்பிப் போய் மறுபடி வரும்.

மின்னேற்றம் தொடாமலே இழுக்கும் என்பதை நீங்களும் பார்க்கலாம். காய்ந்த தலைமயிரில் பிளாஸ்திக் சீப்பை நன்றாகத் தேய்த்து, போத்தலிலிருந்து வரும் மெல்லிய நீர்நூலுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நூல் சீப்பின் பக்கம் வளையும். ஈரக்காற்று இல்லாத நாளில் செய்தால் நன்றாகத் தெரியும்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். துளி மேலும் கீழும் மட்டுந்தான் வளைகிறது. பிறகு எழுத்துக்கு அகலம் எப்படி வந்தது? பக்கற் அல்லவா பட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது! ஒரு நிரல் புள்ளிகள் விழும். பக்கற் கொஞ்சம் நகரும். அடுத்த நிரல் விழும். எழுத்தைப் பொறியும் பக்கற்றும் சேர்ந்தே எழுதுகின்றன.

கூப்பிட்டால் மட்டும் வரும் துளி

திகதிக்கு ஒரு துவாரம் போதும். வண்ணப்படம் ஒன்றை முழுவதும் துளிகளாலேயே அடிக்க வேண்டுமென்றால்? அதற்கு ஆயிரக்கணக்கான துவாரங்கள் வேண்டும். தேவையான துவாரத்திலிருந்து, தேவையான நேரத்தில் மட்டும் துளி வரவேண்டும். இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லாத் துளைகளாலும் மா ஒரேயடியாக வரும். நமக்கு வேண்டியது, எந்தத் துளையால் வரவேண்டும் என்று நாம் சொல்லக்கூடிய உரல்.

அதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று சூடு. 1977இல் ஜப்பானின் கனொன் நிறுவனத்தில் இச்சிரோ எந்தோ என்பவரின் ஆய்வுகூடத்தில், மை நிரப்பிய ஊசியில் சூடான பற்றாசுக்கோல் தற்செயலாகப் பட்டுவிட்டது. ஊசி நுனியிலிருந்து மை பீறிட்டது. சூட்டில் மைக்குள் தோன்றிய ஆவிக்குமிழிதான் மையைத் தள்ளியது. நம்மூர் அலுவலகங்களில் உள்ள சில சிறிய அச்சுப்பொறிகளுக்குள் இன்றும் இந்தக் குமிழிகள்தான் வேலை செய்கின்றன.

மற்றது, அழுத்தினால் மின் தரும் பளிங்கு. இந்தக் குணத்தை 1880இல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். இந்தப் பளிங்குக்கு மறுபக்கக் குணமும் உண்டு. மின் கொடுத்தால் அதன் வடிவம் இம்மியளவு மாறும். அந்த இம்மி அசைவே ஒரு துளி மையை வெளியே தள்ளப் போதும். சூடு தேவைப்படாததால் பலவகை மைகளுக்கு இது ஒத்துவரும். பிளாஸ்திக் தாளில் அடிக்கும் பெரிய பொறிகள் இந்த வழியையே நாடுகின்றன.

துளி எவ்வளவு சின்னது? 4 பிக்கோலீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றரை ஓர் இலட்சம் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலீற்றர். 5 மில்லிலீற்றர் கொள்ளும் தேக்கரண்டி ஒன்றில் உள்ள மையிலிருந்து இப்படி 125 கோடி துளிகள் எடுக்கலாம். நம்பாவிட்டால் வகுத்துப் பாருங்கள்.

பொலித்தீனுக்கு மை பிடிக்காது

கடதாசித் துண்டு ஒன்றிலும் சொப்பிங் பையிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். கடதாசி தண்ணீரைக் குடித்துவிடும். பையில் அது முத்தாக நிற்கும், சரித்தால் உருண்டோடும். பொலித்தீன் தண்ணீரை இழுப்பதைவிடத் தண்ணீர் தன்னைத்தானே பலமாக இழுத்துக்கொள்வதே காரணம். மையும் அப்படித்தான் திரண்டு நின்றால், படம் எப்படி அமையும்?

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. 1951இல் டென்மார்க்கைச் சேர்ந்த வேர்னர் ஐஸ்பி, பிளாஸ்திக் தாளின் மேல் உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தைப் பாய்ச்சும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த மின்னிறக்கம் காற்றிலுள்ள ஒட்சிசனைத் தாளின் மேற்பரப்போடு பிணைத்துவிடுகிறது. பிறகு மை திரளாமல் பரவி ஒட்டும். பல பொறிகளில் இதோடு ஒரு மெல்லிய பூச்சையும் முதலில் பூசிவிட்டுத்தான் மையைத் தூவுகிறார்கள்.

அடுத்த சிக்கல் வெள்ளை. வீட்டில் கடதாசியில் அச்சடிக்கும்போது சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் போதும். இவை ஒளியை ஊடே விடும் மைகள். பின்னாலிருக்கும் கடதாசியின் வெள்ளைதான் ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தெளிந்த பிளாஸ்திக்கில் அந்த வெள்ளை இல்லை. ஆகவே ஐந்தாவதாக வெள்ளை மையும் வேண்டும்.

வெள்ளை மையில் இருப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நமக்குத் தெரிந்த கடற்கரை ஒன்றையும் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கரையால் தெற்கே போய், கொக்கிளாய்க் களப்பைக் கடந்தால் புல்மோட்டை. அங்குள்ள கனிய மணலில் இல்மனைற்றும் உரூற்றைலும் இருக்கின்றன. இரண்டிலும் தைத்தேனியம் உண்டு. அந்த மணல் கப்பலேறி வெளிநாடு போகிறது. கறுப்பாக இருக்கும் இல்மனைற்றைச் சுத்திகரித்தே உலகின் பெரும்பகுதி வெள்ளைச் சாயத்தைச் செய்கிறார்கள். ஆனால் இந்த வெள்ளைத் தூள் தண்ணீரைப்போல நான்கு மடங்கு அடர்த்தியானது. மையைச் சும்மா விட்டால் அடியில் படிந்து துவாரங்களை அடைத்துவிடும். அதனால் பொறி நின்றிருக்கும்போதுகூட வெள்ளை மையை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

உணவுப் பக்கற் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில், பெட்டியின் வெளிப்பக்க மையிலிருந்த பொருள் ஒன்று கலந்திருப்பதைக் கண்டு, இலட்சக்கணக்கான லீற்றர் பாலைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த மை உள்ளே போனது எப்படி? அச்சடித்த தாளைச் சுருட்டி வைக்கும்போது ஒரு சுற்றின் வெளிப்பக்கம் அடுத்த சுற்றின் உட்பக்கத்தைத் தொடுகிறதே! அதுவும் ஒரு வழி. இதனால்தான் உணவுப் பக்கற்றுகளுக்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மைகளைக் கொண்டுவர இப்போது முயல்கிறார்கள். 2021இல் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் அறிமுகப்படுத்திய பொறி ஒன்று, இவ்வகை மையைப் பிளாஸ்திக் தாளில் ஒரு மில்லிமீற்றருக்கு 47 புள்ளிகள் வீதம், நிமிடத்துக்கு 50 மீற்றர் வேகத்தில் அடிக்கிறது.

ஆயிரம் பக்கற்றுக்கு ஒரு கணக்கு

நிமிடத்துக்கு 50 மீற்றர் என்பது உருளையின் வேகத்துக்குக் கிட்டவும் வராதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?

ஜெயபுரத்தில் சிலர் சேர்ந்து வறுத்த கச்சானைப் பக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். உருளைகளுக்கு மொத்தம் 3 இலட்சம் ரூபா ஆகும் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் 10 இலட்சம் பக்கற் அடித்தால் ஒரு பக்கற்றுக்கு 30 சதம். நம்மவர்களுக்கு வேண்டியது 1,000 பக்கற்தான். ஒன்றுக்கு 300 ரூபா! உள்ளே இருக்கும் கச்சானைவிட வெளியே இருக்கும் படத்துக்கே விலை கூடிவிடும். சிறு உற்பத்தியாளர்கள் தெளிந்த பையில் ஒரு ஸ்ரிக்கரை ஒட்டி விற்பது இதனால்தான்.

துளிகளால் அடிக்கும் பொறிக்கு உருளை தேவையில்லை. படம் கணினியில் இருக்கிறது. முதல் 500 பக்கற்றில் கச்சான், அடுத்த 500இல் ஒடியல் மா என்று மாற்றினாலும் புதிதாக எதையும் செதுக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கற்றிலும் வேறு இலக்கம்கூட அடிக்கலாம். அதே வேளை இந்த மைக்கு விலை அதிகம். எனவே பக்கற்றுகளின் எண்ணிக்கை கூடக்கூட உருளையே மலிவாகிவிடும். பெரிய தொகைக்கு உருளை, சிறிய தொகைக்குத் துளி என்று இரண்டும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

நீங்களே சொல்லுங்கள்

1. திகதி எழுத்துகள் வழமையைவிட அகலமாக இழுபட்டிருக்கும் பக்கற் ஒன்று கிடைத்தால், அது பட்டியில் வேகமாக ஓடியதா, மெதுவாக ஓடியதா?

2. அச்சுப்பொறி அடித்த படத்தில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது. பொறிக்குள் என்ன நடந்திருக்கும்?

3. தெளிந்த பையில் வெள்ளை மை இல்லாமல் மஞ்சள் எழுத்து அடித்து, உள்ளே மிளகாய்த்தூள் நிரப்பினால், எழுத்து என்ன நிறமாகத் தெரியும்?

4. உங்கள் வகுப்பில் 30 பேர். ஒவ்வொருவரின் பெயரும் அச்சடித்த 30 பைகள் வேண்டும். எந்தப் பொறியிடம் போவீர்கள்? ஏன்?