உங்களுக்குத் தெரியுமா? கோயில் தரையில் புலி!

தமிழகத்துப் பழங்கோயில்கள் பலவற்றின் கல்தரையிலேயே ஆடு புலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கிறது. பலகைச் செலவே இல்லை. காய்க்கு 3 கூழாங்கல், 15 புளியங்கொட்டை போதும்.

• கட்டம் ஒரு முக்கோணம். உச்சியில் புலி உட்காரும். திருவண்ணாமலைக்காரர் கண்ணுக்கு அது மலையாகவே தெரியும்!

• புலி 3, ஆடு 15, கோடுகள் கூடும் புள்ளிகள் 23. ஓர் ஆடுகூட வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் காலியிடம் 5தான். புலி தாண்டித்தான் வெட்டும். நகரவும் குதிக்கவும் இடமில்லையென்றால் அடைபட்டுப்போகும். சதுரங்கம்போல் சமபலம் இல்லைதான். ஆனாலும் எல்லாப் புலிகளையும் அடைத்துவிட்டால் ஆடு ஜெயிக்கும்.

• தாயக்கட்டை கிடையாது. தோற்றால் அதிர்ஷ்டத்தின் மேல் பழிபோட முடியாது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து, கால்வலியோடு ஏதாவது கல்மண்டபத்தில் உட்காரும்போது தரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.